இணைப்பும் ஒரு சாட்சியமே: கூகுளில் நம்மைக் கண்டுபிடிக்கச் செய்வது எப்படி?





சென்ற ஆண்டு கல்வி உதவி விண்ணப்பத்துக்கான தேதி முடிந்து பத்து நாட்கள் ஆன பிறகு, நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு தாய் தன் மகளுடன் அலுவலகத்துக்கு வந்தார். மகளுக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. "உதவித்தொகைக்குப் பணம் கட்டி ஒரு மாசமாச்சு அண்ணே, ஒரு பதிலும் இல்லையே" என்றார். நம் அறக்கட்டளை விண்ணப்பத்துக்கு யாரிடமும் ஒரு ரூபாய்கூட வாங்குவதில்லை. விசாரித்தபோதுதான் விவரம் தெரிந்தது. அந்தப் பிள்ளை கைப்பேசியில் 'முஸ்லிம் மாணவிகள் கல்வி உதவித்தொகை' என்று நம் ஊர்ப் பெயரையும் சேர்த்துத் தேடியிருக்கிறாள். மேலே வந்த ஒரு தளத்தைத் திறந்திருக்கிறாள். 'பதிவுக் கட்டணம்' என்று 1,500 ரூபாய் கேட்டிருக்கிறார்கள். கட்டிவிட்டாள். அதன் பிறகு அந்த எண்ணை யாரும் எடுக்கவில்லை.

அவர்கள் வீடு நம் அலுவலகத்திலிருந்து மூன்று தெரு தள்ளித்தான் இருக்கிறது.

அன்று இஷாவுக்குப் பிறகு நானே அதே சொற்களைக் கூகுளில் போட்டுத் தேடினேன். மூன்று பக்கங்கள் தள்ளிப் பார்த்தும் நம் அறக்கட்டளையின் இணையதளம் வரவில்லை. நாம் தளம் தொடங்கி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. கதவைத் திறந்து வைத்துவிட்டோம், ஆனால் அந்தக் கதவுக்கு வரும் பாதையைப் போடவில்லை. அந்தப் பொறுப்பு என்னுடையது என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் ஒரு நிறுவனத்தின் கடிதம் வைக்கப்பட்டது. 12,000 ரூபாய் கொடுத்தால் ஒரே மாதத்தில் 1,000 இணைப்புகள் வாங்கித் தந்து, நம் தளத்தைக் கூகுளில் முதலிடத்துக்குக் கொண்டுவருவதாக எழுதியிருந்தார்கள். "நல்ல காரியத்துக்குத்தானே, கொடுத்துவிடலாம்" என்றார் ஓர் உறுப்பினர். அவருடைய எண்ணத்தில் குறை இல்லை. அந்தப் பிள்ளைக்கு நடந்தது அவரையும் உறுத்தியது. ஆனாலும் நான் வேண்டாம் என்றேன். ஏன் வேண்டாம் என்றேன், அதற்குப் பதில் என்ன செய்தோம் என்பதுதான் இந்த மாதப் பாடம். கடை வைத்திருப்பவர்கள், வீட்டிலிருந்தே தையல், ஆரி வேலை, மசாலாப் பொடி, ஊறுகாய் என்று தொழில் செய்யும் சகோதரிகள் எல்லோருக்கும் இது பயன்படும், இன்ஷா அல்லாஹ்.

தேடுபொறி எப்படி வேலை செய்கிறது?

கூகுள் போன்ற தேடுபொறி நாம் கேட்கும் நொடியில் உலகமெல்லாம் ஓடித் தேடுவதில்லை. அதன் கணினிகள் முன்கூட்டியே இணையப் பக்கங்களைப் படித்து, புத்தகத்தின் கடைசியில் இருக்கும் சொல்லடைவு போல ஒரு பெரிய அட்டவணையைத் தயாரித்து வைத்திருக்கின்றன. நாம் தேடும்போது அந்த அட்டவணையிலிருந்துதான் எடுத்துத் தருகிறது. ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு அது பெரும்பாலும் இணைப்பு, அதாவது லிங்க், வழியாகத்தான் போகிறது. எந்தப் பக்கமும் நம்மைச் சுட்டவில்லை என்றால், அது நம்மிடம் வருவதே தாமதமாகும்.

அடுத்த கேள்வி, ஒரே விஷயத்தைப் பற்றி இலட்சம் பக்கங்கள் இருக்கும்போது எதை மேலே காட்டுவது? 1998-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வு மாணவர்கள் லாரி பேஜ், செர்கே பிரின் இருவரும் இதற்கு ஒரு வழி சொன்னார்கள். ஆய்வுக் கட்டுரைகளில் ஒரு கட்டுரையை மற்றவர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டுகிறார்கள் என்று பார்ப்பது வழக்கம். அதைப் போலவே, ஒரு பக்கத்துக்கு வேறு யார் யார் இணைப்பு கொடுத்திருக்கிறார்கள் என்று பார்த்தார்கள். வெறும் எண்ணிக்கையை மட்டும் பார்க்கவில்லை. இணைப்பு கொடுப்பவர் எவ்வளவு மதிப்புள்ளவர் என்பதையும் கணக்கில் எடுத்தார்கள். பலரும் மதிக்கும் பக்கம் கொடுக்கும் ஓர் இணைப்புக்கு எடை அதிகம். அந்தப் பக்கமே ஆயிரம் பேருக்கு இணைப்பு கொடுத்தால், அதன் எடை ஆயிரமாகப் பிரிந்து ஒவ்வொருவருக்கும் சிறிதளவே போகும். இந்த முறைக்குப் 'பேஜ்ரேங்க்' என்று பெயர். அதே ஆண்டில்தான் கூகுள் நிறுவனம் தொடங்கியது.

இன்று கூகுள் இன்னும் எத்தனையோ விஷயங்களைப் பார்க்கிறது. பக்கத்தில் உள்ள செய்தி தேடியவரின் கேள்விக்குப் பொருத்தமா, கைப்பேசியில் சீராகத் திறக்கிறதா, தேடுபவர் எந்த ஊரில் இருக்கிறார் என்பதெல்லாம் அதில் சேரும். ஆனாலும் இணைப்புக்கு இன்றும் மதிப்பு இருக்கிறது.

யார் சொன்னது என்று கேட்பது நமக்குப் புதிதல்ல

மத்ரஸாவில் ஓதியவர்களுக்கு இந்த முறை உடனே விளங்கும். ஒரு ஹதீஸைச் சொன்னால் அதன் வாசகத்தோடு நம் இமாம்கள் நிற்கவில்லை. அதை யார் யாரிடமிருந்து கேட்டார்கள் என்ற இஸ்னாதையும், ஒவ்வோர் அறிவிப்பாளரின் நேர்மையையும் நினைவாற்றலையும் ஆராய்ந்தார்கள். அதற்கென்றே ரிஜால் கலை வளர்ந்தது. பொய்யர் என்று அறியப்பட்டவர்கள் வழியாக வரும் செய்தி, அத்தகைய பத்து வழிகளில் வந்தாலும் வலுப்பெறாது.

புனிதமான அந்தக் கலையை ஒரு இயந்திரத்தின் கணக்கோடு சமமாக்குகிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். சொல்ல வருவது இவ்வளவுதான்: எத்தனை பேர் சொன்னார்கள் என்பதோடு, யார் சொன்னார்கள் என்பதையும் பார்க்க வேண்டும் என்ற நியாயம் நமக்குப் பழகியது. இணைப்பு என்பதும் ஒரு சாட்சியம்தான். "இவர்களை எனக்குத் தெரியும், இங்கே போய்ப் பாருங்கள்" என்று ஒருவர் சொல்வதுதான் அது.

விலைக்கு வாங்கிய சாட்சியம்

சாட்சியம் என்று ஒப்புக்கொண்டால், அதைப் பணம் கொடுத்து வாங்குவது என்ன என்பதும் தெளிவாகிவிடும். நம்மை அறியாத ஆயிரம் தளங்கள் நம்மை அறிந்ததுபோல் சொல்வது பொய்ச் சாட்சியம். பொய்ச் சாட்சியத்தைப் பெரும் பாவங்களில் ஒன்றாக நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். வியாபாரத்தில் 'நஜ்ஷ்' என்று ஒன்றைத் தடுத்திருக்கிறார்கள். வாங்கும் எண்ணமே இல்லாத ஒருவர், மற்றவரை ஏமாற்றுவதற்காக ஏலத்தில் விலையை ஏற்றிக் கேட்பதுதான் நஜ்ஷ். இல்லாத மதிப்பை இருப்பதாகக் காட்டுவதில் இரண்டும் ஒன்றுதான்.

உலக நஷ்டமும் இதில் உண்டு. அமெரிக்காவில் ஜே.சி.பென்னி என்று ஒரு பெரிய சில்லறை விற்பனை நிறுவனம் இருக்கிறது. 2010-ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில், பண்டிகை வியாபாரம் சூடு பிடித்திருந்த நேரத்தில், ஆடை, படுக்கை விரிப்பு, கம்பளம் என்று எதைத் தேடினாலும் அந்த நிறுவனத்தின் தளமே கூகுளில் முதலில் வந்தது. நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் இதை ஆராய்ந்து 2011 பிப்ரவரியில் செய்தி வெளியிட்டது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்களில் அந்த நிறுவனத்துக்கு இணைப்புகள் செருகப்பட்டிருந்தன. அவற்றில் பெரும்பாலானவை ஆடைக்குச் சம்பந்தமே இல்லாதவை. அணுசக்திப் பொறியியல் பற்றிய தளத்தில்கூடப் பெண்களின் ஆடைக்கு இணைப்பு இருந்தது. கூகுள் நடவடிக்கை எடுத்தது. ஒரு பெட்டியின் பெயரைத் தேடியபோது முதலிடத்தில் இருந்த பென்னி, இரண்டே மணி நேரத்தில் 71-ஆம் இடத்துக்குப் போனது. வரவேற்பறை மேசை நாற்காலிக்கான தேடலில் முதலிடத்திலிருந்து 68-க்கு இறங்கியது. தங்களுக்குத் தெரியாமல் நடந்தது என்று நிறுவனம் சொன்னது. அந்த வேலையைப் பார்த்த ஆலோசனை நிறுவனத்தை நீக்கியது.

அடுத்த ஆண்டு, 2012 ஏப்ரலில், 'பெங்குவின்' என்ற மாற்றத்தைக் கூகுள் கொண்டுவந்தது. செயற்கையாகச் சேர்த்த இணைப்புகளை அடையாளம் காண்பதுதான் அதன் நோக்கம். இன்றும் பணம் கொடுத்து வாங்கும் இணைப்பைக் கூகுள் தன் விதிகளுக்கு எதிரானதாகவே வைத்திருக்கிறது. அவ்வளவு பெரிய நிறுவனம் விழுந்து எழ முடிந்தது. நம்மைப் போன்ற சிறிய அறக்கட்டளையோ, ஒரு தையல் கடையோ விழுந்தால் எழுவது கடினம்.

விளம்பரம் செய்வது வேறு விஷயம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பணம் கட்டி, 'இது விளம்பரம்' என்று வெளிப்படையாகத் தெரியும்படி வருவதில் ஏமாற்று இல்லை. விலைக்கு வாங்கியதை மதிப்பாக வந்ததுபோல் காட்டுவதுதான் தவறு. இந்த விளக்கத்துக்குப் பிறகு குழு ஒருமனதாக அந்தக் கடிதத்தை நிராகரித்தது.

முதலில் நம் வீட்டைச் சரிசெய்வோம்

மறுப்பது எளிது. அந்தப் பிள்ளையைப் போல இன்னொருவர் ஏமாறாதிருக்க என்ன செய்வது? நம் தளத்தைத் திறந்து பார்த்ததும் மூன்று குறைகள் தெரிந்தன.

முதல் குறை, கல்வி உதவி அறிவிப்பை அழகான படமாகப் போட்டிருந்தோம். வாட்ஸ்அப்பில் அனுப்பப் படம் வசதிதான். ஆனால் படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேடுபொறி எழுத்தாகப் படித்துக்கொள்ளும் என்று நம்பி இருக்க முடியாது. இப்போது படத்தின் கீழே அதே செய்தியை எழுத்தாகவும் போடுகிறோம்.

இரண்டாவது குறை, இந்த மடலின் பழைய இதழ்கள். அவை பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை. நம் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். கணினிக்குள்ளோ அவை ஆங்கில எழுத்துகளாகத்தான் இருக்கும். தமிழில் தேடுபவருக்கு அவை ஒருபோதும் அகப்படாது. யூனிகோடில் இருந்தால்தான் தேடலில் வரும். முக்கியமான கட்டுரைகளை நம் இளைஞர்கள் மாற்றித் தந்துகொண்டிருக்கிறார்கள். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்குவானாக.

மூன்றாவது குறை, பக்கத்தின் தலைப்பு. எல்லாப் பக்கங்களுக்கும் 'முகப்பு' என்றே தலைப்பு இருந்தது. இப்போது ஒவ்வொரு பக்கத்துக்கும், மக்கள் என்ன சொல் போட்டுத் தேடுவார்களோ அந்தச் சொல்லும் ஊர்ப் பெயரும் வரும்படி தலைப்பு வைத்திருக்கிறோம். பெயர், முகவரி, தொலைபேசி எண் மூன்றும் எல்லா இடத்திலும் ஒன்றுபோல இருக்கின்றன. நம் ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் இரண்டு மூன்று விதமாக எழுதுகிறார்கள். அறிமுகப் பக்கத்தில் அந்த வடிவங்களையும் குறிப்பிட்டிருக்கிறோம்.

இத்துடன் இரண்டு இலவச வசதிகள் இருக்கின்றன. 'சர்ச் கன்சோல்' என்பது தளம் வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் தரும் கருவி. எந்தச் சொல்லைத் தேடி நம்மிடம் வருகிறார்கள், எந்தப் பக்கம் அட்டவணையில் ஏறவில்லை என்பதை அதில் பார்க்கலாம். 'கூகுள் பிசினஸ் புரொஃபைல்' கடைக்காரர்களுக்கு. வரைபடத்தில் கடையின் இடம், திறக்கும் நேரம், எண் ஆகியவை வரும். தனி இணையதளம் இல்லாதவர்களும் இதைச் செய்யலாம்.

உண்மையான சாட்சிகளைக் கேட்போம்

வீட்டைச் சரிசெய்த பிறகு, ஒரு தாளை எடுத்து, நம்மை உண்மையிலேயே அறிந்தவர்கள் யார் யார் என்று எழுதினோம். நம் உதவியில் பிள்ளைகள் படிக்கும் கல்லூரிகள், நாம் இரத்ததான முகாம் நடத்திய மருத்துவமனை, பக்கத்து ஊர் ஜமாஅத்துகள், நம் ஊர்க்காரர்கள் வெளிநாட்டில் நடத்தும் சங்கங்கள் என்று பட்டியல் நீண்டது. இவர்களில் இணையதளம் உள்ளவர்களுக்குக் கடிதம் எழுதினோம். எல்லோருக்கும் ஒரே நகலை அனுப்பவில்லை. "உங்கள் கல்லூரியில் படிக்கும் எங்கள் ஊர் மாணவிகளுக்குக் கட்டண உதவி செய்து வருகிறோம். உங்கள் தளத்தின் உதவித்தொகைப் பக்கத்தில் எங்கள் விண்ணப்பப் பக்கத்துக்கு ஓர் இணைப்பு கொடுத்தால், தேவையுள்ள மற்ற மாணவிகளுக்கும் தெரியவரும்" என்று அவரவருக்குத் தக்கபடி எழுதினோம். சிலர் பதில் தரவில்லை. சிலர் கொடுத்தார்கள்.

கேட்பதற்கு முன் கொடுப்பதற்கு நம்மிடம் ஏதாவது இருக்க வேண்டும். எனவே கல்வி உதவிக்குத் தேவைப்படும் சான்றிதழ்கள் என்னென்ன, வருமானச் சான்றிதழ் எப்படி வாங்குவது, எந்தத் தேதிக்குள் எங்கே விண்ணப்பிக்க வேண்டும் என்று ஒரு பக்கம் தயாரித்தோம். அதை ஒரு கல்லூரிப் பேராசிரியர் தாமாகவே எடுத்துத் துறையின் பக்கத்தில் சேர்த்தார். கேட்காமலே வந்த அந்த ஓர் இணைப்பு, கடிதம் எழுதிக் கிடைத்தவற்றைவிட எனக்கு மகிழ்ச்சி தந்தது.

தொழில் செய்பவர்களுக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். நம் மாவட்டத்துப் பத்தமடையில் கோரைப் பாய் நெய்யும் முஸ்லிம் குடும்பங்களை அறிவீர்கள். மணமக்கள் பெயரை நெய்து தரும் கல்யாணப் பாயும், மெல்லிய பட்டுப் பாயும் அவர்கள் கைவேலை. அப்படி ஒரு குடும்பம் தளம் வைத்தால், 'சிறந்த தரம், குறைந்த விலை' என்று எழுதிப் பயனில்லை. எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள். கோரையை எப்படிக் கிழிக்கிறோம், சாயம் எப்படி ஏற்றுகிறோம், ஒரு பாய்க்கு எத்தனை நாள் ஆகிறது, ஈரம் படாமல் எப்படிப் பாதுகாப்பது என்று படங்களோடு எழுதலாம். கைத்தொழிலைப் பற்றி எழுதுபவர், கல்லூரியில் வடிவமைப்பு படிக்கும் மாணவர், திருமண ஏற்பாடு செய்பவர் யாராவது அதைச் சுட்டிக்காட்டுவார். தங்கள் பாயை வாங்கி விற்கும் கடையிடம், "இவர்கள் நெய்தது" என்று ஓர் இணைப்பு கேட்கலாம். அது உண்மை, கேட்பதில் வெட்கம் இல்லை.

இதற்குப் பொறுமை வேண்டும். விதை போட்ட மறுநாள் முளை தேடக்கூடாது. மாதங்கள் ஆகும்.

நாம் கொடுக்கும் இணைப்பும் அமானிதம்

சாட்சியம் கேட்பவர்கள், சாட்சியம் சொல்லும்போதும் கவனமாக இருக்க வேண்டும். நம் தளத்தில் ஒரு தளத்துக்கு இணைப்பு கொடுத்தால், "அறக்கட்டளையே சொல்லியிருக்கிறது" என்று மக்கள் நம்பிப் போவார்கள். எனவே திறந்து படித்துப் பார்க்காத எதற்கும் இணைப்பு தருவதில்லை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் மீண்டும் சரிபார்ப்பது என்று குழு முடிவெடுத்திருக்கிறது. விளம்பரம் தந்தவர்களின் இணைப்பில் 'விளம்பரம்' என்று எழுதுகிறோம். 'ஸ்பான்சர்டு' என்ற அடையாளக் குறியையும் சேர்க்கிறோம். அது கூகுளுக்கும் உண்மையைச் சொல்லும்.

குடும்ப வாட்ஸ்அப் குழுக்களிலும் இதே கவனம் வேண்டும். யாரோ அனுப்பிய 'இலவச லேப்டாப்', 'உடனடி உதவித்தொகை' இணைப்பைப் பார்க்காமல் பத்துப் பேருக்கு அனுப்புவதும் ஒரு சாட்சியம்தான். அதேபோல, உறவினர்களைச் சொல்லித் தன் கடைக்கு ஐந்து நட்சத்திரம் போடச் செய்வதும், போட்டிக் கடைக்கு ஒரு நட்சத்திரம் போடச் செய்வதும் நமக்கு ஆகாது. பொருள் வாங்கிய வாடிக்கையாளரிடம், "மனதில் பட்டதை எழுதுங்கள்" என்று கேட்பது போதும்.

ஏமாறாதிருக்கச் சில வார்த்தைகள்

'கூகுளிலிருந்து பேசுகிறோம், உங்கள் கடையை வரைபடத்தில் வைக்கப் பணம் கட்டுங்கள்' என்று அழைப்பு வந்தால் நம்பாதீர்கள். அந்தப் பதிவு இலவசம். ஓடிபி எண்ணை யாருக்கும் சொல்லாதீர்கள். 'முதலிடம் உறுதி' என்று யார் சொன்னாலும் அது பொய். அந்த உறுதியைத் தர யாராலும் முடியாது. மத்திய அரசின் தேசிய உதவித்தொகை தளத்தில் விண்ணப்பிக்கக் கட்டணம் கிடையாது. நம் அறக்கட்டளையிலும் கிடையாது. உதவித்தொகைக்கு முன்பணம் கேட்டாலே சந்தேகப்படுங்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழைத்துப் புகார் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு நல்லது.

அந்தப் பிள்ளை ஒரு மாதம் கழித்துச் சொன்னதால் 1,500 ரூபாய் திரும்பவில்லை. விண்ணப்பத் தேதி முடிந்திருந்ததால், முதல் தவணைக் கட்டணத்தை வட்டியில்லா அழகிய கடனாகக் கொடுத்தோம். இந்த ஆண்டு முறைப்படி விண்ணப்பித்து உதவி பெற்றுவிட்டாள். இப்போது அதே சொற்களைத் தேடினால் நம் தளம் முதல் பக்கத்தில் வருகிறது, அல்ஹம்துலில்லாஹ். இந்த ஆண்டு வந்த விண்ணப்பதாரர்களில் சிலர், "கூகுளில் பார்த்து வந்தோம்" என்றார்கள். அந்தப் பொய்த் தளம் இன்னும் எங்கோ கீழே இருக்கலாம். நம் பிள்ளைகள் அங்கே போவதற்கு முன்னால் நம் வாசல் தென்பட வேண்டும், அவ்வளவுதான்.

வரும் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பிறகு, அலுவலக மாடியில் நம் கல்லூரி மாணவர்கள் இந்த வேலைகளைச் செய்து காட்டுவார்கள். பெண்களுக்குத் தனி இட வசதி உண்டு. கட்டணம் இல்லை. கடையின் பெயர்ப்பலகைப் புகைப்படம் ஒன்றும், உங்களை உண்மையிலேயே அறிந்த ஐந்து பேர் அல்லது நிறுவனங்களின் பெயரை எழுதிய ஒரு தாளும் கொண்டு வாருங்கள். அந்தத் தாளிலிருந்துதான் பாடம் தொடங்கும்.

நம் சொல்லிலும் தொழிலிலும் உண்மையை அல்லாஹ் நிலைபெறச் செய்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.

செயலாளர்